4060ஆ, 7600ஆ, பாவித்த 3060ஆ? கொழும்பு வெக்கைக்கு ஏற்ற கிராபிக்ஸ் கார்ட்

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரே ஆர்டிஎக்ஸ் 4060க்கு நாலைந்து விலை காதில் விழும். ஒன்றில் இரண்டு விசிறி, இன்னொன்றில் மூன்று. ஒரு பெட்டியில் ‘ஓசி’ (ஓவர்குளோக், அதாவது வேகம் ஏற்றியது) என்று கொட்டை எழுத்தில் அடித்திருக்கும், அதற்காகச் சில ஆயிரம் ரூபா கூட. அடுத்த கடைக்காரர், “தம்பி, ஆர்எக்ஸ் 7600 எடுத்தீங்கள் எண்டா கையில மிச்சமும் இருக்கும்” என்பார். வீட்டுக்கு வந்து இக்மன் விளம்பரத் தளத்தைத் திறந்தால், பாவித்த 3060 ஒன்று 12 ஜிபி மெமரியோடு, ‘மைனிங் செய்யவே இல்லை’ (கிரிப்டோ நாணயம் தோண்ட ஓட்டவில்லை) என்ற சத்தியத்தோடு காத்திருக்கும்.

இந்த மூன்றுக்கும் நடுவே நிற்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவற்றில் எது வேகம் என்று மண்டையை உடைப்பதில் பெரிய பலன் இல்லை. மெமரி எவ்வளவு, எத்தனை வொட் சூட்டை அறைக்குள் கொட்டும், பழுதானால் யார் பொறுப்பு, இந்த மூன்றையும் பார்த்தால் போதும். ஓவர்குளோக்கிங் விஷயத்திலும் அப்படித்தான்: கொழும்பில் வேகத்தை ஏற்றுவதைவிட வோல்டேஜை இறக்குவதில்தான் லாபம்.

வேகக் கணக்கைச் சுருக்கமாக முடித்துவிடலாம். என்விடியாவின் 3060 வந்தது 2021 பெப்ரவரியில், அமெரிக்க அறிமுக விலை 329 டொலர். ஏஎம்டியின் 7600 வந்தது 2023 மே மாதம், 269 டொலர். அடுத்த மாதமே என்விடியாவின் 4060 வந்தது, 299 டொலர். 1080பி திரையில், ரே ட்ரேசிங் (ஒளியின் போக்கைக் கணக்கிட்டு நிழல், பிரதிபலிப்பு வரைவது) இல்லாமல் விளையாடினால் 4060க்கும் 7600க்கும் சராசரியில் சில வீத வித்தியாசம்தான். ஒரு கேமில் இது முந்தும், இன்னொன்றில் அது முந்தும். 3060ஐவிட 4060 ஏறக்குறைய 15 முதல் 20 வீதம் வேகம். ரே ட்ரேசிங்கைப் போட்டால் 7600 பின்தங்கும். டிஎல்எஸ்எஸ் அப்ஸ்கேலிங் (சின்னப் படத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்குவது) 3060, 4060 இரண்டிலும் உண்டு; என்விடியாவின் ஃப்ரேம் ஜெனரேஷன் (இடையிடையே புதுப் ஃப்ரேம்களைத் தானே செருகுவது) 4060இல் மட்டும். 7600க்கு அதே மாதிரி வேலை செய்யும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 3 இருக்கிறது, ஆனால் 1080பியில் படத்தின் தெளிவு டிஎல்எஸ்எஸ் அளவுக்கு வராது.

டொலர் விலையை வைத்து இங்கே ஒன்றும் தீர்மானிக்க முடியாது. ரூபா மதிப்பு, 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாகிவிட்ட வற் வரி, இறக்குமதியாளர் எந்த விலையில் அந்தத் தொகுதியை இறக்கினார் என்பது, எல்லாம் சேர்ந்துதான் கடை விலை. அங்கே 30 டொலர் மலிவான கார்ட் இங்கே அதே விலைக்கும் நிற்கலாம். ஆகவே அன்றைய விலையைக் கேட்டுவிட்டுத்தான் மேலே படிக்கவேண்டும்.

மெமரியில்தான் பணம் இருக்கிறது

வெலோரன்ட், சிஎஸ் 2, டோட்டா 2 என்று விளையாடுபவருக்கு 8 ஜிபி தாராளம். அந்தக் கேம்கள் பெரும்பாலும் ப்ரொசெசரைத்தான் வேலை வாங்கும். கிராபிக்ஸ் கார்டுக்குக் கொட்டுகிற காசில் பாதியை வேகமான திரைக்குப் போடலாம். புதிதாக வரும் பெரிய கேம்களில் கதை வேறு. டெக்ஸ்சரை (பொருட்களின் மேற்பரப்புப் படங்களை) உச்சத்தில் வைத்து, ரே ட்ரேசிங்கும் ஃப்ரேம் ஜெனரேஷனும் போட்டால் 8 ஜிபி நிரம்பிவிடும். ஃப்ரேம் ஜெனரேஷனே தன் பங்குக்குக் கொஞ்சம் மெமரி கேட்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நிரம்பியபின் மேசையில் இடமில்லாமல் அடுத்த அறைக்குப் போய்ப் போய்ப் பொருள் எடுத்து வருகிற மாதிரித்தான் நடக்கும்: சராசரி ஃப்ரேம் கணக்கு நல்லாகவே தெரியும், ஆனால் திரும்பும்போதெல்லாம் படம் ஒரு கணம் நின்று நின்று வரும். டெக்ஸ்சரை ஒரு படி இறக்கினால் சரியாகிவிடும். கேமுக்கு 8 ஜிபி எரிச்சல்தான், ஆபத்தில்லை.

அடுத்த அறைக்குப் போகும் வழி, அதாவது கணினியின் பொது மெமரிக்கான பாதை, எவ்வளவு அகலம் என்பதும் முக்கியம். 4060, 7600 இரண்டும் பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0இல் 8 லேன் மட்டுமே பாவிப்பவை. உங்களிடம் பி450 மதர்போர்ட் அல்லது இன்டெல் 10ஆம் தலைமுறை மெஷின் இருந்தால் அது 3.0, பாதை பாதியாகிவிடும். சாதாரண நேரத்தில் இழப்பு சில வீதம்தான், மெமரி வழிந்தால்தான் அடி பலமாக விழும். 3060க்கு 16 லேன். பழைய மெஷினில் போடப்போகிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்கவேண்டும்.

வேலைக்கு வாங்குபவர்களுக்கு நியாயமே மாறுகிறது. ப்ளெண்டர் என்ற 3டி மென்பொருளில் பெரிய காட்சியொன்றை ரெண்டர் செய்யும்போதோ, வீட்டு மெஷினிலேயே ஏஐ படம் உருவாக்கும்போதோ மெமரி போதாவிட்டால் வேலை மந்தமாவதோடு நிற்காது, பல நேரம் அப்படியே நின்றுபோகும். அங்கே 12 ஜிபி உள்ள 3060, தன்னைவிட வேகமான 4060ஐத் தோற்கடிக்கும். அதன் மெமரி பாதை 192 பிட், நொடிக்கு 360 ஜிபி. 4060க்கு 128 பிட், 272 ஜிபி. 4060 இந்தக் குறையைச் சிப்புக்குள் இருக்கும் 24 எம்பி கேஷால் (சின்ன வேக மெமரியால்) கேம்களில் ஈடுகட்டிவிடுகிறது, ஆனால் மெமரியின் கொள்ளளவைக் கேஷ் கூட்டித் தராது. 7600இலும் ப்ளெண்டர் ஓடும். இருந்தாலும் இப்படியான மென்பொருள் பலவும் முதலில் என்விடியாவின் கூடா என்ற நிரல் மேடைக்காக எழுதப்பட்டவை. ஏஎம்டி கார்டோடு மல்லுக்கட்ட நேரம் இருப்பவர்கள்தான் அந்தப் பக்கம் போகவேண்டும்.

கலியாண வீடியோ எடிட் செய்கிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. இப்போதைய கமராக்களில் எச்.265, 10 பிட், 4:2:2 என்று எடுக்கிறார்கள். அந்த ஃபைலை இந்த மூன்று கார்டும் ஹார்ட்வெயரில் திறந்து தராது. இன்டெல் 11ஆம் தலைமுறைக்குப் பிந்தைய ப்ரொசெசரில் உள்ள உள்ளமை கிராபிக்ஸ் செய்யும், இன்டெல் ஆர்க் கார்ட்கள் செய்யும், என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையிலிருந்துதான் வந்தது. டைம்லைன் இழுபடுகிறது என்று 4060 வாங்கி ஏமாறாமல், முதலில் உங்கள் ப்ரொசெசர் எது என்று பாருங்கள்.

அப்புறம் ஒரு பொறி. 2022இன் கடைசியில் 3060 என்ற அதே பெயரில் 8 ஜிபி கார்ட் ஒன்றும் வந்தது. மெமரி மட்டுமல்ல, பாதையும் 128 பிட்டாகச் சுருங்கியது, 240 ஜிபி. கேம்களிலேயே தெளிவாக மந்தம். விளம்பரத்தில் ‘3060’ என்று மட்டும் இருந்தால் எத்தனை ஜிபி என்று கேட்காமல் பஸ் ஏறாதீர்கள்.

வெக்கை

யூடியூப் ரிவியூக்களில் வரும் சூட்டு அளவெல்லாம் 20 முதல் 25 டிகிரி அறையில் எடுத்தவை. வெள்ளவத்தையில் ஏசி இல்லாத அறையில், பிற்பகலில், 31 டிகிரி சாதாரணம். விசிறி வேகம் மாறாமல் இருந்தால் அறை எத்தனை டிகிரி கூடுகிறதோ, சிப்பும் ஏறக்குறைய அத்தனை டிகிரி கூடும். அங்கே 68 என்று காட்டியது இங்கே 76, 77. சிப் இதனால் எரிந்துபோகாது. என்விடியா கார்ட்கள் சூடு ஏற ஏற 15 மெகாஹேர்ட்ஸ் படிகளாகத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அத்தோடு விசிறி அலறத் தொடங்கும். உங்களுக்குத் தெரிவது அந்த அலறல்தான்.

இப்போது வொட்டைப் பாருங்கள். 4060க்கு 115, 7600க்கு 165, 3060க்கு 170. கிராபிக்ஸ் கார்ட் இழுக்கிற கரண்ட் எல்லாம் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் வந்து சேரும். கதவைச் சாத்திய சின்ன அறையில், 3060க்கும் 4060க்கும் உள்ள 55 வொட் வித்தியாசம் இரண்டு மணி நேரத்தில் உடம்புக்கே தெரியும். பில்லிலும் தெரியும்: தினமும் நாலு மணி நேரம் விளையாடினால் 55 வொட் மாதத்துக்கு 6.6 அலகு. தொகை பெரிதில்லை, ஆனால் ஏசி போடுகிற வீட்டில் ஒவ்வொரு கூடுதல் அலகும் அதிக விலைப் படியில்தான் விழும். போதாததற்கு, அந்தச் சூட்டை வெளியே தள்ளவும் ஏசி கரண்ட் இழுக்கும்.

இதனால்தான் புதிது வாங்குவதென்றால், 4060க்கும் 7600க்கும் பத்தாயிரம் ரூபாவுக்குள் வித்தியாசம் இருந்தால் நான் 4060 பக்கம் சாய்வேன். அதற்கு மேல் இடைவெளி போனால், கேமுக்கு மட்டும் என்றால், 7600 எடுத்துவிட்டு மிச்சத்தை நல்ல பவர் சப்ளைக்குப் போடலாம். பெயர் தெரியாத பவர் சப்ளையும் 650 விஏ யூபிஎஸ்ஸும் வைத்திருப்பவருக்கு 115 வொட் கார்ட் இன்னொரு விதத்திலும் நிம்மதி.

‘ஓசி’ என்ற அந்த எழுத்துக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. 4060இன் அடிப்படை பூஸ்ட் வேகம் 2460 மெகாஹேர்ட்ஸ். ஓசி மாடல் ஒன்றின் பெட்டியில் 2505 என்று இருந்தால் அது 2 வீதம்கூட இல்லை. குளிர்ச்சி இருந்தால் எந்த 4060உம் பெட்டியில் போட்ட எண்ணைத் தாண்டித் தானாகவே ஓடும். கூடுதல் காசு கொடுப்பதென்றால் பெரிய ஹீட்சிங்குக்கு (சூட்டை வாங்கும் உலோகத் தட்டடுக்குக்கு) கொடுங்கள். மூன்று விசிறி இருந்தால்தான் நல்லது என்றும் இல்லை, இந்த 115 வொட்டுக்கு ஒழுங்கான இரண்டு விசிறி போதும். அதைவிட முக்கியம் கேசிங். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியாக, காற்று புக வழியே இல்லாத கேசிங்குகள் இங்கே நன்றாக விற்கின்றன. அதற்குள் எந்தக் கார்டைப் போட்டாலும் வெந்துதான் போகும்.

புதிய வரிசை விலையில் கிட்ட வந்துவிட்டால் என்ன செய்வது? 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060க்கும் 8 ஜிபிதான், ஆனால் ஜிடிடிஆர் 7 மெமரி, நொடிக்கு 448 ஜிபி, 145 வொட்; விலை ஒட்டி நின்றால் 4060ஐ விட்டு அதை எடுக்கலாம். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியில் 16 ஜிபி மாடல் கட்டுப்படியானால் இந்தக் கட்டுரையை மறந்துவிட்டு அதை வாங்குங்கள், பெட்டியில் 8 இல்லை 16தான் என்று பார்த்துவிட்டு. இன்டெல் ஆர்க் பி580க்கு 12 ஜிபி உண்டு, விலையும் நியாயம். ஆனால் ரீசைசபிள் பார் வசதி (ப்ரொசெசர் கார்டின் முழு மெமரியையும் ஒரேயடியாகத் தொட விடுவது) போர்டில் இல்லையென்றால் வேகம் படுத்துவிடும், பழைய ப்ரொசெசரோடும் ஒத்துப்போகாது.

பாவித்ததைப் பார்க்கும்போது

எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பர் 15இல் மைனிங் தேவையில்லாத முறைக்கு மாறியது. அதுவரை இரவு பகலாக ஓடிய கார்ட்கள் உலகம் முழுக்கச் சந்தைக்கு வந்தன. 3060க்கு மைனிங் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பூட்டை என்விடியா போட்டிருந்தது உண்மை. வெளியான அடுத்த மாதமே என்விடியாவின் சொந்த ட்ரைவர் ஒன்று தவறுதலாக அதைத் திறந்துவிட்டது. ஆகவே ‘3060இல் மைனிங் செய்ய ஏலாது’ என்ற பேச்சை நம்பவேண்டாம். மைனிங் ஓடியது என்பதற்காக மட்டும் ஒதுக்கவும் வேண்டாம். சிப்பைவிட விசிறியும் மெமரி மேல் ஒட்டிய, சூடு கடத்தும் தெர்மல் பேட்டும்தான் தேய்ந்திருக்கும்.

என்னைப் பொறுத்தவரை கொழும்பில் மைனிங்கைவிடப் பெரிய எதிரி உப்புக் காற்று. காலி வீதிக்குக் கடற்பக்கமாக, மெரைன் டிரைவை ஒட்டிய வீடுகளில் ஜன்னலோரம் இருந்த மெஷின் என்றால் கார்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். எச்டிஎம்ஐ துவாரம் இருக்கும் தகட்டில் செம்புள்ளி இருக்கிறதா? திருகாணித் தலைகளில் வெள்ளை மாவோ துருவோ படிந்திருக்கிறதா? பின்பக்கத்து ஈயப் பற்றுகளின் மினுக்கம் போய்ப் பச்சை பூத்திருக்கிறதா? ஒன்று இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். புதுக் கார்டின் வாரண்டி அட்டைகளிலேயே துரு, எரிந்த தடம் என்பவற்றை விலக்கியிருப்பார்கள். வாங்கும்போது வாசித்துப் பாருங்கள். பாவித்த கார்டுக்கு வாரண்டியில் மிச்சம் இருந்தால் பில்லும் பெட்டியில் உள்ள இலக்கமும் கார்டின் இலக்கமும் ஒன்றா என்று பார்ப்பதும் அப்போதுதான்.

பிறகு விசிறியை விரலால் மெல்லச் சுற்றி விடுங்கள். சத்தமில்லாமல் சுற்றி மெதுவாக நிற்கவேண்டும்; கரகரப்போ ஆட்டமோ இருந்தால் விலையில் கழியுங்கள். ஹீட்சிங் ஓரத்தில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் தெர்மல் பேட் முதிர்ந்துவிட்டது. கடைசியாக, விற்பவர் வீட்டிலேயே, கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து 12 ஜிபி, 192 பிட் என்று இருக்கிறதா பார்த்துவிட்டு, ஒரு கேமை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். ‘டெஸ்ட் பண்ண மெஷின் இல்லை அண்ணா’ என்றால் அந்த விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

ஏற்றுவது, இறக்குவது

இன்றைய கார்டில் ஸ்லைடரை இழுத்தே சிப்பைக் கொல்வது கடினம். வோல்டேஜுக்கும் பவருக்கும் கார்டின் பயாஸிலேயே (உள்ளமை நிரலிலேயே) எல்லை உண்டு. உண்மையான ஆபத்துகள் மூன்று: வேறு மாடலின் பயாஸை ஏற்றுவது (அதுவும் நடுவில் கரண்ட் போனால் கதை முடிந்தது), தரமில்லாத பவர் சப்ளை, கார்டின் வேகத்தை மாற்றும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னர் மென்பொருளைக் கண்ட தளத்திலிருந்து டவுன்லோட் செய்வது. போலித் தளம் வைத்து அதற்குள் தீம்பொருள் புகுத்திய கதை ஏற்கெனவே நடந்திருக்கிறது. எம்எஸ்ஐயின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். ஏஎம்டி கார்டுக்கு அது தேவையே இல்லை, அட்ரினலின் மென்பொருளுக்குள் ட்யூனிங் பகுதி இருக்கிறது. தொட்டதுமே வாரண்டி பற்றி எச்சரிக்கும், அதை வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

சரி, ஏற்றினால் என்ன கிடைக்கும்? 4060இல் கோர் எனும் சிப்பின் வேகத்தையும் மெமரி வேகத்தையும் நன்றாக ஏற்றினால் 5 வீதம், நல்ல கார்ட் அமைந்தால் இன்னும் கொஞ்சம். 60 ஃப்ரேம் 63 ஆகும். சில மாடல்களில் பவர் லிமிட் 100ஐத் தாண்டவே விடாது. ஆசைக்குச் செய்து பார்க்கலாம்: கோரை 25 மெகாஹேர்ட்ஸ் படிகளாகவும், அது நிலைத்த பிறகு மெமரியை 100 படிகளாகவும் ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சுப்பர்பொசிஷன், 3டிமார்க் டெமோ போன்ற சோதனை மென்பொருள் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். திரையில் புள்ளிகள் மினுங்கினால் பெரும்பாலும் மெமரி, ட்ரைவர் விழுந்தால் பெரும்பாலும் கோர். மினுக்கம் வராவிட்டாலும் சோதனையின் மதிப்பெண் இறங்கத் தொடங்கினால் மெமரியை நிறுத்திவிட்டு இரண்டு படி பின்னே வாருங்கள்.

அதே உழைப்பை அண்டர்வோல்ட்டுக்கு, அதாவது வோல்டேஜைக் குறைப்பதற்கு, போட்டால் வேகம் ஏறக்குறைய அப்படியே இருக்க, சூடும் சத்தமும் குறையும். ஆஃப்டர்பேர்னரில் கோர் குளோக்கை மைனஸ் 200க்கு இறக்கி டிக் அடியுங்கள். கன்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அழுத்தினால் வளைகோடு ஒன்று திறக்கும்: கீழே மில்லிவோல்ட், பக்கத்தில் மெகாஹேர்ட்ஸ். 4060 என்றால் 950க்கு நேரே உள்ள புள்ளியைப் பிடித்து 2600 வரை தூக்குங்கள். திரும்ப டிக் அடித்தால் அதற்கு வலப்பக்கத்துப் புள்ளிகள் எல்லாம் தட்டையாகப் படுத்துவிடும். இனிக் கார்ட் 950ஐத் தாண்டாது. 3060க்கு 850இல் 1800 நல்ல தொடக்கம். 170 வொட் இழுத்த கார்ட் பெரும்பாலும் 130க்கும் 140க்கும் இடையே வந்து நிற்கும், கேமில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 7600இல் வளைகோட்டுக்குப் பதில் வோல்டேஜ் எண்ணைக் குறைக்கவேண்டும், ஆனால் ஒரு சூட்சுமம்: குறைத்ததும் கார்ட் மிச்சமான பவரை எடுத்து இன்னும் வேகமாக ஓடப் பார்க்கும். சூடு குறையவேண்டும் என்றால் உச்ச வேகத்தையும் பவர் லிமிட்டையும் சேர்த்து இறக்குங்கள்.

விசிறி விஷயத்திலும் ஒரு சின்ன மாற்றம். நிறையக் கார்ட்கள் சும்மா இருக்கும்போது விசிறியை நிறுத்திவைக்கும். நம்மூர்ச் சூட்டில் அது நின்று நின்று தொடங்கிக்கொண்டே இருக்கும். 30 வீதத்தில் ஓயாமல் சுற்றவிட்டால் சத்தமும் தெரியாது, கார்டும் குளிர்ந்திருக்கும். ஈரப்பதத்தோடு தூசி சேர்ந்து ஹீட்சிங்கில் பசைபோல் அப்பிக்கொள்ளும் என்பதால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருதரம் தூரிகையால் தட்டிவிடவும் வேண்டும்.

பரிசோதனைக்கு ஃபர்மார்க் என்ற சுமைச் சோதனை மென்பொருளை நம்பவேண்டாம். அது பவர் லிமிட்டில் முட்டிக் கார்டின் வேகத்தைக் கீழே அழுத்திவைப்பதால், நீங்கள் வைத்த உச்சப் புள்ளியைக் கார்ட் தொடுவதே இல்லை. ரே ட்ரேசிங் உள்ள கேம்தான் கள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும். விண்டோஸ் தொடங்கும்போதே செட்டிங்கை ஏற்றும் பொத்தானை ஒரு வாரம் விளையாடி ஒருதரமும் விழாத பிறகுதான் அழுத்தவேண்டும். ராத்திரி ஏசியில் தேறிய செட்டிங்கைப் பகல் இரண்டு மணிக்கு, ஏசியை நிறுத்திவிட்டு இன்னொருதரம் ஓட்டிப் பாருங்கள். அங்கே விழுந்தால் 30 மெகாஹேர்ட்ஸ் கழித்து, அந்த எண்ணிலேயே விட்டுவிடுங்கள்.